பேசாத நாத்தனாரும் என் இடுப்பெலும்பும்

ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியைக் கம்பிக்கு முட்டுக்கொடுத்து நின்றிருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு ஆடு நிதானமாக ஒரு காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதன் நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது.

எனக்குப் பின்னால் ஒருத்தி நின்று, என் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் நடுவை நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் நெருக்கினால் உயிர் திரும்பி வரும். கையை எடுத்தால் போய்விடும். அப்படிப்பட்ட ஒருத்தியோடு எனக்கு மூன்று மாதமாகப் பேச்சு கிடையாது.

அவள் என் நாத்தனார் அஞ்சலை. என் வீட்டுக்காரருக்கு அக்கா.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றேன், ஜன்னலைப் பார்த்து.

கை அசையவில்லை. நியாயம்தான். நான் ஜன்னலிடம் சொன்னேனே தவிர அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த கட்டிலில் முந்தின நாள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த மலைக்காரப் பெண் சின்னப்பொண்ணு இதையெல்லாம் காலையிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "யக்கா, அது இன்னும் கீழ அமுக்கச் சொல்லுது," என்றாள்.

உடனே கை கீழே இறங்கியது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் பால்வாடி டீச்சர் ஆன கதையில், என் மூத்த மகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் போன் செய்தாள். "நான் பொறந்த கதைய எழுதும்மா" என்றாள். "எழுதினால் உன் அத்தை கோபித்துக்கொள்ளுமே" என்றேன். "அத்தை படிச்சிட்டுதான கோவிச்சிக்கும்? அதுக்குள்ள புஸ்தகம் கடைக்கு வந்துடும்" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கோழி மூலமாக

அப்போது நாங்கள் கரும்பு வெட்டுக்குப் போகிற ஜனம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பாதையில், சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஊர். வாசலில் நின்றால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். ஒரே கூரை, நடுவில் ஒரு கீற்றுத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும். அந்தப் பக்கம் அஞ்சலையும், கரும்பு வண்டி ஓட்டுகிற அவள் புருஷனும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆறாம் மாதத்திலிருந்து எனக்கு ஒரு வலி. அடிவயிற்றுக்குக் கீழே, தொடைகள் இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கிற எலும்பில். பின்பக்கம் இடுப்பு மூட்டு இரண்டிலும் கூட. ஒற்றைக் காலில் நின்று பாவாடை கட்ட முடியாது. பாயில் புரண்டு படுக்க முடியாது. கால் அகட்டி ஒரு வாய்க்காலைத் தாண்டினால், யாரோ முன்னெலும்பில் உளி வைத்து அடித்தது போல இருக்கும்.

அதனால் நடை மாறிப்போனது. தொடையைச் சேர்த்து வைத்து, சின்னச் சின்ன அடியாக, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி நடந்தேன்.

ஒரு நாள் குழாயடியிலிருந்து திரும்பி வருகிறேன். வாசலில் அஞ்சலை நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். அசல் என் நடை. பல்லைக் கடிப்பது, முந்தானையை வாயில் கவ்வுவது, படியேறும் முன் ஒரு கணம் நின்று யோசிப்பது எல்லாம் அப்படியே. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஜனமும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குடத்தை வைத்தேன். உள்ளே போனேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டும், அல்லது ஒரு கோழி வேண்டும். எங்களிடம் கோழி இருந்தது.

"ஏ கோழி, வெயில்ல காயப் போட்ட மொளகாய யாராவது எடுத்து வெக்கலாம் இல்ல, மழ வர்ற மாதிரி இருக்குது," என்பாள் அஞ்சலை. "கோழிக்கு கண்ணு தெரியுது, எடுத்தாச்சு," என்பேன் நான். மூன்று மாதத்தில் அந்தக் கோழி எங்கள் குடும்ப விவகாரம் அத்தனையும் தெரிந்துகொண்டது. சாதாரணக் கோழியாக வாழ்ந்திருக்க வேண்டியது, பாவம்.

அம்மாவின் நடவு

இங்கே என் அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்த ஊர் களமருதூர். அம்மா அங்கே நடவுக்குப் போகிறவள். என்னை நடவுக்கு நடுவிலேயே பெற்றாள் என்பது அவள் வாழ்நாள் பெருமை. சின்ன வயதில் நான் கேட்ட கதையில், காலையில் வலி எடுத்து, பொழுது சாய நான் பிறந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகும்போது அது ஒரு கட்டு நாற்று நட்டு முடிக்கிற நேரமாகச் சுருங்கியிருந்தது. வளைகாப்பு அன்று சொன்னபோது, வரப்பில் ஏறினாளாம், நான் இருந்தேனாம்.

இதைக் கேட்டு வளர்ந்ததால், வயிறு கொஞ்சம் வலிக்கும், பிள்ளை வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எலும்பைப் பற்றி ஒரு மனுஷி மூச்சு விட்டதில்லை.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்றுதான் பேச்சு. வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில், விடிந்து வெயில் ஏறும் நேரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் குனிந்தவள் நிமிர முடியவில்லை.

வீட்டுக்காரர் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டி ஆடியது.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏ கோழி, வலி எடுத்தா எடுத்துதுன்னு சொல்ல வேண்டியதுதான? தட்டியப் புடிச்சி ஆட்டிக்கினு இருந்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

கோழிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அஞ்சலை எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் வண்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

குந்து, உக்காரு

வண்டிப் பயணத்தை விவரிக்கப் போவதில்லை. அந்தச் சாலையில் எத்தனை பள்ளம் என்று அன்றைக்கு என் இடுப்பு எண்ணியது. மனுஷர்கள் போட்ட சாலைதானா அது என்று வண்டி ஓட்டிய அஞ்சலை புருஷனைக் கேட்டேன். "மாட்டக் கேளு" என்றார்.

ஆஸ்பத்திரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். நர்சம்மா தென்காசிப் பக்கம். நல்ல மனுஷி. எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது.

"உக்காருங்கம்மா," என்றார்.

"அவளால குந்த முடியாதுங்க," என்றாள் அஞ்சலை.

"குந்தவா? நான் எங்க குந்தச் சொன்னேன்? உக்காரத்தான சொல்லுதேன்."

"அதாங்க, குந்த முடியாதுங்க."

எங்கள் ஊரில் குந்துவதும் உட்காருவதும் ஒன்று, அவர் ஊரில் வேறு போல; இது இப்படியே கொஞ்ச நேரம் போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

சோதித்துப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் கருப்பை வாய் திறந்துவிட்டது, இனிமேல் வலி நெருங்கி நெருங்கி வரும் என்றார். எலும்பு வலியைச் சொன்னேன். "பிள்ளைக்கு வழி விட மூட்டு நெகிழும்மா. உனக்குக் கூடவே நெகிழ்ந்துட்டு போல. எப்படி வசதியோ அப்படி நில்லு, நட. மத்தியானம் பார்ப்போம்," என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகுதான் ஜன்னல், ஆடு, சின்னப்பொண்ணு எல்லாம்.

அந்த வலியை இப்போது யோசித்தாலும் இரண்டாகத்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளை வலி வரும், ஏறும், இறங்கும், மூச்சு விட இடம் கொடுக்கும். எலும்பு வலி அப்படியில்லை. அது குடியிருக்க வந்தது. பிள்ளை வலி ஏறும்போதெல்லாம் இதுவும் கூடச் சேர்ந்து, முன்னெலும்பைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தது.

முதல் தடவை அது இழுத்தபோது நான் முன்னால் சரிந்தேன். பின்னாலிருந்து இரண்டு கை வந்து இடுப்பை நெருக்கியது. விரிந்துகொண்டிருந்த ஒன்று சேர்ந்துகொண்டது. அப்படித்தான் இருந்தது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

கரும்புக் கட்டு தூக்கி லாரியில் ஏற்றுகிற கை அது. ஆனால் வெறும் பலம் இல்லை. எந்த இடத்தில் நெருக்கினால் முன்பக்கம் வலி விடும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

கரும்புக் கட்டு

"மூச்ச அடக்கிக்கினு நின்னா வலி ஜாஸ்தி ஆவும்னு சொல்லு," என்றாள் அஞ்சலை, சின்னப்பொண்ணைப் பார்த்து. "ஈர வெறகு அடுப்ப ஊதற மாதிரி மெதுவா ஊதச் சொல்லு."

"யக்கா, அடுப்பு ஊதணுமாம்," என்றாள் சின்னப்பொண்ணு.

"என் காது நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லு," என்றேன் நான். ஊதினேன். ஊதினால் உண்மையிலேயே கொஞ்சம் கம்மியானது. அதை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அதற்கு முகம் அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை.

சின்னப்பொண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் அவளுக்கு வலித்தது, பிள்ளை பெற்று ஒரு நாள்தானே ஆகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க மலையில ரெண்டு பேருக்கு ஆவலன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர் வூடு கட்டிக்குவோம். நீங்க இன்னா, ஒருத்தி இடுப்ப ஒருத்தி புடிச்சிக்கினு சண்ட போடுறீங்க?"

அஞ்சலை இன்னும் பலமாக நெருக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை தன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கயிறு மாதிரி முறுக்கி, என் வயிற்றுக்குக் கீழே, தொடைக்கு மேலே, எலும்போடு சேர்த்துச் சுற்றி இறுக்கினாள். கரும்புக் கட்டுக்கு அதன் இலையான சோகையை முறுக்கிப் போடுகிற அதே முடிச்சு. இறுக்கிய பிறகு நாலு அடி எடுத்து வைத்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக, கால் என் கால் மாதிரி இருந்தது.

நர்சம்மா வந்து பார்த்தார். "என்னம்மா இது, கரும்பா கட்டுதீங்க?"

"கரும்பு மாதிரிதாங்க. கட்டலன்னா ரெண்டா பொளந்துக்கும் போல இருக்குது."

நர்சம்மா முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அவிழ்க்கச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பெரிய சங்கடம் ஒன்று வந்தது. சின்னப்பொண்ணு தூங்கிவிட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, வாயைத் திறந்துகொண்டு, நல்ல தூக்கம். எங்களுக்கு நடுவில் ஆள் இல்லை, கோழியும் இல்லை. வலியோ முன்னைக்கு இரண்டு மடங்கு.

என் இடுப்பின் மேலிருந்த அவள் கையை ஒரு தடவை தட்டினேன். கை கீழே போனது. இரண்டு தடவை தட்டினேன். மேலே வந்தது. இப்படி ஒரு பாஷையைக் கண்டுபிடித்து ஒரு மணி நேரம் ஓட்டினோம். இவ்வளவு சிரமப்பட்டதற்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

மேசை

வாய் முழுசாகத் திறந்துவிட்டது என்று நர்சம்மா என்னைப் பிரசவ அறைக்குக் கூட்டிப்போனார். துண்டை அவிழ்த்தார். மேசையில் ஏறி மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்தேன். முட்டியை மடக்கிக் காலை அகட்டச் சொன்னார். அகட்டினேன்.

முன்னெலும்பில் ஏதோ விட்டது. சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம். கண் இருட்டிவிட்டது. அடுத்து எனக்குத் தெரியும்போது என் முட்டி இரண்டும் ஒட்டியிருந்தது, நர்சம்மாவின் கையை நான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"காலச் சேத்து வச்சா பிள்ளை எப்படிம்மா வரும்?"

தலையை ஆட்டினேன். இன்னொரு வலி வந்தது. காலைப் பிரிக்க முடியவில்லை. அதற்கடுத்த வலியிலும் முடியவில்லை. நர்சம்மா வயிற்றில் குழாய் வைத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்டார். அவர் முகம் சுருங்கியது.

"இங்க பாரு. இன்னும் கொஞ்ச நேரம்தான் பார்ப்பேன். இல்லன்னா ஜீப்புக்கு ஆள் அனுப்பி உன்னைக் கள்ளக்குறிச்சிக்கு ஏத்தணும். பிள்ளை வாசல்ல வந்து நிக்குது, அதை ரொம்ப நேரம் நிக்க வைக்கக்கூடாது."

கள்ளக்குறிச்சி. அந்தச் சாலை. அந்தப் பள்ளங்கள். பிள்ளை வாசலில் நிற்க, நான் ஜீப்பில். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. அதுவரை வலிதான் இருந்தது, பயத்துக்கு இடம் இருக்கவில்லை.

அஞ்சலை வாசற்படியில் நின்றிருந்தாள். "நீங்க வெளிய இருங்கம்மா," என்றார் நர்சம்மா. அவள் திரும்பினாள்.

"அண்ணி, போவாத," என்றேன்.

மூன்று மாதம் சேர்த்து வைத்த ரோஷம் இரண்டே சொல்லில் செலவாகிவிட்டது. அதிலும் 'போவாதீங்க' என்று சொல்ல மூச்சு பத்தவில்லை. புருஷனின் அக்காவை ஒருமையில் கூப்பிட்டாயிற்று.

அஞ்சலை நின்றாள். "கேட்டீங்களா நர்சம்மா. மூணு மாசம் கழிச்சி வாயத் தொறக்குறா. ஒரு 'ங்க' போட மனசு வர்ல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். வந்தவள் குரலை மாற்றி, ரொம்ப நிதானமாகப் பேசினாள்.

"இவளால மல்லாக்கப் படுத்து கால விரிக்க முடியாதுங்க. மூணு மாசமா பாத்துக்கினுதான் இருக்கறேன். பொரண்டு படுக்கறப்ப முட்டி ரெண்டையும் சேத்துக்கினுதான் பொரளுவா. சோத்தாங்கைப் பக்கமா படுத்தா வலி கம்மி, பீச்சாங்கைப் பக்கம் படுக்கவே மாட்டா. ரெண்டு முட்டிக்கும் நடுவுல பழம்பொடவைய சுருட்டி வெச்சிக்கினா தூங்கிடுவா. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சா வரும்ங்க. காலு ரொம்ப விரிய வேணாம். மேல் காலை நான் தாங்கிக்கிறேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் எப்படிப் படுக்கிறேன் என்று எனக்கே இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

நர்சம்மா ஒரு நிமிடம் யோசித்தார். "சரி. வலப்பக்கம் ஒருச்சாச்சுப் படும்மா. நீங்க மேல் காலைப் பிடிங்க. இழுக்காதீங்க, தாங்கிக்கிடுங்க, அவ்வளவுதான்."

வலப்பக்கம் திரும்பினேன், முட்டி இரண்டையும் சேர்த்துக்கொண்டு. அஞ்சலை என் இடது காலை முட்டிக்குக் கீழே இரண்டு கையாலும் ஏந்தித் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு சாண் திறந்தது, அவ்வளவுதான். எலும்பு வலித்தது. ஆனால் உடையவில்லை. முக்க முடிந்தது.

ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் இடையில் கேட்டேன். எப்படியும் பேசியாயிற்று, இனி என்ன.

"அன்னிக்கு ஏன் அப்படி நடந்து காட்டுன?"

"என் தம்பிக்கு வாயால சொன்னா ஏறாது. அவளுக்கு வலிக்குதுடா, நீ போய் தண்ணி தூக்கிக்கினு வாடான்னு பத்து வாட்டி சொன்னேன். இன்னா வலி, எங்க வலின்றான். சரி, நடந்து காட்டுனாவாவது புரியட்டும்னு காட்டுனேன். அவன் சிரிச்சிட்டான். அதுக்குள்ள நீ வந்து நின்னுட்ட."

"மத்தவங்களும் சிரிச்சாங்களே."

"நல்லா நடந்தேன், சிரிச்சாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது?"

இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அந்த நேரத்துக்குச் செய்த சமாளிப்பு என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அடுத்த நாளிலிருந்து வீட்டுக்காரர் தண்ணீர் தூக்கினார் என்பது மட்டும் நிஜம். என்னைச் சமாதானப்படுத்தத்தான் தூக்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பேச்ச வுட்டுட்டு முக்கும்மா," என்றார் நர்சம்மா. எங்கள் பேச்சு அவருக்குத் தொற்றிக்கொண்டிருந்தது.

முக்கினேன். வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போன சத்தம். அந்தக் கூச்சலில் என் பிள்ளையின் முதல் சத்தம் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அஞ்சலைதான் சொன்னாள். "பொண்ணு. உன்ன மாதிரியே மொறைக்குது."

சாயங்காலம்

எலும்பு அன்றோடு சரியாகிவிடவில்லை. மூன்று மாதம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன். அம்மா மறுநாள் வந்து, இதெல்லாம் ஒரு பிரசவமா என்று தன் நடவுக் கதையை நர்சம்மாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினாள். அஞ்சலையும் நானும் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். எல்லாம் நேருக்கு நேர், நல்ல சத்தமாக.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்து வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். கையெல்லாம் சோகை கீறிய கோடு. வரும்போது கடையில் ஒரு சொம்பு டீ வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு டம்ளர், தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்.

அஞ்சலை டம்ளரை எடுக்கப் போனாள். அது பிடியில் நிற்காமல் நழுவியது. கையை எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குது. ஆறட்டும்," என்றாள்.

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். அவள் டீயில் ஏடு படிந்துவிட்டது. அவள் கையை மடியில் வைத்து, முந்தானையால் மூடியிருந்தாள். முந்தானைக்கு வெளியே தெரிந்த விரல்கள் வளைந்தே இருந்தன. நீட்ட முயன்றாள், நீளவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அமுக்கிய கை.

பிள்ளையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, குனிந்து, அவள் டம்ளரை எடுத்து அவள் வாயருகில் பிடித்தேன்.

என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு இரண்டு மடக்கு குடித்தாள்.

"சக்கர கம்மி," என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.